துப்பாக்கி, மண்வாரி, வெப்பமானி: ஆர்க்டிக்கில் இளம் விஞ்ஞானிகள் என்ன படிக்கிறார்கள்?

ஆர்க்டிக் பற்றிய செய்திகளோடு அவ்வப்போது ஒரு படம் வரும். கல்லூரி வயதுப் பிள்ளைகள் நாலைந்து பேர், தடித்த உடுப்பு, ஒருவர் தோளில் ரைஃபிள், மற்றவர்கள் கையில் மண்வாரி. கீழே ‘காலநிலை ஆய்வு மாணவர்கள்’ என்று போட்டிருக்கும். காலநிலை படிக்கிறவர்களுக்குத் துப்பாக்கி எதற்கு, மேலே இத்தனை சாட்டிலைட் சுற்றும்போது கீழே போய்க் குழி தோண்டுவானேன் என்று யாருக்கும் தோன்றும். இந்தியாவும் அங்கே ஆள் அனுப்புகிறது என்றதும் கேள்வி இன்னும் கூடுகிறது. ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

முதலில் நாலு சொற்கள்

1. ஆர்க்டிக்: பூமியின் வட உச்சி. 66.5 டிகிரி வட அட்சரேகைக்கு மேலே உள்ள பகுதி என்பது பள்ளிக்கூட விளக்கம். அண்டார்க்டிகா கடல் சூழ்ந்த நிலம். இது நிலம் சூழ்ந்த கடல்.

2. பனியும் பனிக்கட்டியும்: தமிழில் மார்கழிப் பனியும் பனிதான், இமயமலையில் கொட்டுவதும் பனிதான். இந்தக் கட்டுரையில் வானத்திலிருந்து விழுந்து குவிவது பனி, தண்ணீர் உறைந்து இறுகியது பனிக்கட்டி. கடல்நீரே உறைந்து மேலே மிதந்தால் அது கடல்பனி.

3. நிரந்தர உறைமண்: தொடர்ந்து இரண்டு வருடமாவது உறைந்தே கிடக்கும் நிலம். கோடையில் அதன் மேல்பகுதி மட்டும் கொஞ்சம் இளகும், குளிரில் மறுபடி இறுகும். இந்த மேல்பகுதியை இளகும் அடுக்கு என்று வைத்துக்கொள்வோம். உலகம் முழுக்க உறைமண்ணில் சிக்கியிருக்கும் கார்பன், இன்று காற்றில் இருப்பதைப்போலச் சுமார் இரண்டு மடங்கு.

4. தூந்திரா: மரம் வளராத துருவ நிலம். பாசி, புல், கணுக்கால் உயரச் செடிகள். அங்கே வில்லோ மரத்தின் குள்ள வகை ஒன்று உண்டு, ஆனால் உங்கள் செருப்பு உயரம்கூட வராது.

1979-க்குப் பிறகு ஆர்க்டிக் உலகச் சராசரியைவிட ஏறக்குறைய நான்கு மடங்கு வேகமாகச் சூடாகியிருக்கிறது. முக்கியக் காரணங்களில் ஒன்று எளிமையானது. புதுப் பனி தன்மேல் விழும் வெயிலில் 80 சதவீதத்துக்கு மேல் திருப்பி அனுப்பிவிடும், திறந்த கடலோ பத்து சதவீதம்கூட அனுப்பாது. பனி போன இடத்தில் கடல் வெயிலைக் குடிக்கிறது, அந்தச் சூட்டில் இன்னும் கொஞ்சம் பனி போகிறது. இது ஒரு சுழல்.

சாட்டிலைட் இருக்கும்போது ஆள் எதற்கு?

கடல்பனி எவ்வளவு பரப்பில் இருக்கிறது என்பதைச் சாட்டிலைட் அருமையாகச் சொல்லும். 2012 செப்டம்பரில் அது சுமார் 34 லட்சம் சதுர கிலோமீட்டராகச் சுருங்கியது; அதுதான் இதுவரை பதிவான மிகக் குறைந்த அளவு. ஆனால் எவ்வளவு தடிமன் என்று கேட்டால் விஷயம் சிக்கலாகிறது.

சாட்டிலைட் தடிமனை நேராக அளப்பதில்லை. தண்ணீருக்கு மேலே பனிக்கட்டி எவ்வளவு நீட்டிக்கொண்டிருக்கிறது என்று பார்த்து, மிதப்பு விதியை வைத்து அடியில் எவ்வளவு இருக்கும் என்று கணக்குப் போடுகிறார்கள். மேலே தெரிவது மொத்தத்தில் ஒரு சிறு பங்குதான், அதன்மேல் பனி வேறு குவிந்து அதை அழுத்திக்கொண்டிருக்கும். அந்தப் பனியின் உயரத்தில் ஒரு சென்டிமீட்டர் தப்பாக எடுத்துக்கொண்டால், கடைசித் தடிமனில் அது பல சென்டிமீட்டர் பிழையாகப் பெருகிவிடும்.

சரி, அந்தப் பனி உயரம் எங்கிருந்து கிடைக்கிறது? நெடுங்காலம் பெரும்பாலான கணக்குகள் நம்பியிருந்தது, 1954-லிருந்து 1991 வரை சோவியத் யூனியன் மிதக்கும் பனிப்பாளங்கள்மீது நடத்திய நிலையங்களின் பதிவுகளைத்தான். அதாவது யாரோ சிலர் பனிப்பாளத்தில் கூடாரம் போட்டுத் தங்கி, அளவுகோலைக் குத்திக் குத்திப் பார்த்து, நோட்டில் எழுதிவைத்த எண்கள். இருபத்தோராம் நூற்றாண்டின் சாட்டிலைட்டுக்கு அடிப்படையாக அமைந்தது அந்த நோட்டுதான்.

என் பார்வையில், களப்பயிற்சி எதற்கு என்ற கேள்விக்குப் பதில் இதிலேயே இருக்கிறது. ஒரு எண் எவ்வளவு நம்பத்தக்கது என்பது அதை எடுத்தவருக்குத்தான் தெரியும். கம்ப்யூட்டரில் காலநிலை மாடல் ஓட்டுகிறவர், வாழ்நாளில் ஒருமுறையாவது அந்த எண்ணை விரல் விறைக்க எடுத்துப் பார்த்திருந்தால், அட்டவணையில் இருக்கும் ‘32’ என்ற எண்ணைப் பார்க்கும் பார்வையே வேறாக இருக்கும்.

எங்கே நடக்கிறது?

அலாஸ்காவில் டூலிக் ஏரி, ஸ்வீடனில் அபிஸ்கோ, கிரீன்லாந்தில் ஸாக்கன்பர்க் என்று பல நிலையங்கள் உண்டு. கப்பலிலேயே நடந்ததும் உண்டு. 2019-ல் ஜெர்மனியின் போலார்ஸ்டெர்ன் கப்பலைக் கடல்பனியில் வேண்டுமென்றே உறையவிட்டு ஒரு வருடம் மிதக்கவிட்டார்களே, அந்த மொசைக் பயணத்தின் தொடக்க வாரங்களில் துணைக்கு வந்த ரஷ்யக் கப்பலில் 20 இளம் ஆய்வாளர்களுக்கு வகுப்பு நடந்தது.

ஆனால் பயிற்சிக்கென்றே பெயர்பெற்ற இடம் நார்வேயின் ஸ்வால்பார்ட் தீவுக்கூட்டம். அதன் பெரிய ஊரான லாங்யியர்பியன், வட துருவத்திலிருந்து சுமார் 1,300 கிலோமீட்டர் தொலைவில், 78 டிகிரி வடக்கில் இருக்கிறது. யூனிஸ் எனப்படும் ஸ்வால்பார்ட் பல்கலைக்கழக மையம் 1993-ல் இங்கே தொடங்கியது. உயிரியல், நிலவியல், புவி இயற்பியல், ஆர்க்டிக் தொழில்நுட்பம், இந்த நான்கு துறைகள்தான். வகுப்பை விட்டு இறங்கி ஸ்னோ ஸ்கூட்டரில் கொஞ்ச தூரம் போனால் பனியாறு, அதாவது மெல்ல நகரும் பெரும் பனிக்கட்டித் திரள். அதற்கும் வடக்கே, 79 டிகிரியை ஒட்டி, நி-ஓலசுண்ட். ஒரு காலத்தில் நிலக்கரி ஊர். 1962-ல் சுரங்க விபத்தில் 21 பேர் இறந்தார்கள், அடுத்த வருடமே சுரங்கத்தை மூடிவிட்டார்கள். இன்று பல நாட்டு ஆய்வு நிலையங்கள் சேர்ந்த சிற்றூர் அது. அங்கே வைஃபை, ப்ளூடூத் எதையும் போடக்கூடாது, ரேடியோ தொலைநோக்கிக்கும் மற்ற கருவிகளுக்கும் இடைஞ்சலாகும் என்று.

முதல் பாடம்: திரும்பி வருவது

யூனிஸில் எந்தக் களத்துக்குப் போவதானாலும் முதலில் பாதுகாப்புப் பயிற்சியை முடித்தாக வேண்டும். தேர்வு, மதிப்பெண் எல்லாம் அப்புறம்தான்.

1. பனிக்கரடி. குடியிருப்புக்கு வெளியே போகிற எவரும் கரடியை விரட்டப் பொருத்தமான சாதனம் வைத்திருக்க வேண்டும் என்பது ஸ்வால்பார்ட் சட்டம். துப்பாக்கியும் வைத்துக்கொள்ளச் சொல்கிறார்கள். கரடி பாதுகாக்கப்பட்ட விலங்கு, சுடுவது கடைசி வழி மட்டுமே. 2025-லிருந்து கரடிக்கு 300 மீட்டருக்குள் போகவே கூடாது, மார்ச் முதல் ஜூன் வரை 500 மீட்டர். முதலில் விலகிப் போ, அடுத்து வெடிச்சத்தம் எழுப்பு என்றுதான் சொல்லித்தருகிறார்கள். அதிலும் ஒரு நுணுக்கம் உண்டு. ஒளிக்குண்டை உனக்கும் கரடிக்கும் நடுவில் விழுகிறமாதிரி சுட வேண்டும். கரடிக்குப் பின்னால் விழுந்து வெடித்தால் அது பயந்து ஓடும் திசை உன் திசையாகிவிடும். ரைஃபிளைப் பாதி ஏற்றியபடி சுமப்பது வழக்கம், அதாவது தோட்டாக்கள் மேகசினில் இருக்கும், குழலின் அறை காலியாக இருக்கும். தடுக்கி விழுந்தால் கூட வருகிறவர் சாகக்கூடாது அல்லவா. 2011 ஆகஸ்டில் இங்கே முகாமிட்டிருந்த ஒரு மாணவர் பயணக்குழுவைக் கரடி தாக்கியது. கூடாரத்தைச் சுற்றிக் கட்டியிருந்த எச்சரிக்கைக் கம்பியில் இருந்த வெடி வெடிக்கவில்லை, ரைஃபிளும் உடனே சுடவில்லை. பதினேழு வயதுப் பையன் ஒருவன் இறந்தான். கருவி கையில் இருப்பதும், கை நடுங்கும்போது அதை இயக்கத் தெரிவதும் ஒன்றல்ல என்பதை அங்கிருப்பவர்களுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

2. பனிச்சரிவு. ஒவ்வொருவர் உடம்பிலும் சிக்னல் அனுப்பிக்கொண்டே இருக்கும் ஒரு சின்ன ரேடியோ கருவி, முதுகில் மடக்குக் கம்பியும் மண்வாரியும். ஒருவர் புதைந்தால் மற்றவர்கள் தங்கள் கருவியைத் தேடும் நிலைக்கு மாற்றி, கம்பியால் குத்திப் பார்த்து, தோண்டி எடுக்க வேண்டும். முதல் பத்து, பதினைந்து நிமிடம் போனால் பிழைக்கும் வாய்ப்பு சட்டென்று சரிகிறது. அதனால் மீட்புப் படைக்குக் காத்திருக்க முடியாது, கூட இருப்பவர்தான் மீட்புப் படை. 2015 டிசம்பரில் லாங்யியர்பியன் ஊருக்குள்ளேயே சரிவு இறங்கி வீடுகளை நகர்த்திப் போட்டு இரண்டு உயிர்களை எடுத்தது.

3. கடல்பனி உடைவது. பனியில் துளை வெட்டி மாணவர்களைக் குளிர்நீரில் இறக்குகிறார்கள். கழுத்தில் தொங்கும் இரண்டு கூரான குத்தூசிகளைப் பனிக்கட்டியில் ஊன்றித் தன்னைத்தானே இழுத்து மேலே ஏற வேண்டும். கேட்கும்போது வேடிக்கையாக இருக்கும். முதல் ஒரு நிமிடம் மூச்சே ஒழுங்காக வராது.

4. பனியாற்றுப் பிளவு. கயிறு கட்டி நடப்பது, விழுந்தவரைக் கப்பி வைத்துத் தூக்குவது. நம்மூர் மலையேறிகளுக்கும் தெரிந்த வித்தைதான்.

இனி, அளக்கக் கற்பது

பனிக்குழியிலிருந்து தொடங்குவோம், மற்றவற்றைவிட இதில் சொல்ல நிறைய இருக்கிறது.

தரை தட்டும்வரை பனியில் ஒரு குழி. எங்கே தோண்டினாலும் சரி என்பதல்ல. அளக்கப்போகும் சுவரில் வெயில் படக்கூடாது, அந்தச் சுவருக்கு மேலே ஒருவரும் மிதித்திருக்கக்கூடாது. புதிதாக வருகிறவர்கள் அந்தப் பக்கம்தான் பையைக் கொண்டுபோய் வைப்பார்கள்! சுவரைச் செதுக்கியதும் முதல் வேலை வெப்பநிலை. மேலிருந்து பத்து சென்டிமீட்டருக்கு ஒரு தரம், வேகமாக. தாமதித்தால் நீ அளப்பது பனியின் சூட்டை அல்ல, திறந்துவிட்ட காற்றின் சூட்டை. அடுத்து ஒவ்வொரு அடுக்கின் கடினம். இதற்கு மெஷின் கிடையாது, கைதான் கருவி. முஷ்டி உள்ளே போகிறதா, நாலு விரல் போகிறதா, ஒரு விரல்தானா, பென்சிலா, கத்தியா என்று ஐந்து படி. பென்சில்கூடப் போகாமல் கத்தி கேட்கும் அடுக்கு என்றால் அது ஏறக்குறைய பனிக்கட்டி. கடைசியாக எடை. கொள்ளளவு தெரிந்த ஒரு சின்னப் பெட்டியால் பனியை வெட்டி எடுத்துத் தராசில் வைக்கிறார்கள். 100 கன சென்டிமீட்டர் பெட்டியில் 32 கிராம் என்று வைத்துக்கொள்வோம். தண்ணீராக இருந்தால் 100 கிராம் வந்திருக்கும், ஆக இந்தப் பனியில் 32 சதவீதம்தான் தண்ணீர். குழி ஆழம் 60 சென்டிமீட்டர், எல்லா அடுக்கும் இதே அடர்த்தி என்றால், இளவேனிலில் இது உருகும்போது 19 சென்டிமீட்டர் உயரத் தண்ணீர். மேலே சொன்ன ‘32’ இதுதான்.

இதில் சூழல் எங்கே வருகிறது? 2012 ஜனவரிக் கடைசியில், நடு இருட்டில், ஸ்வால்பார்டில் மழை கொட்டியது. நி-ஓலசுண்டில் ஒரே நாளில் 98 மில்லிமீட்டர். பனிக்குள் இறங்கிய மழைநீர் உறைந்த தரையைத் தொட்டு அப்படியே கண்ணாடிபோல் இறுகிவிட்டது. அங்குள்ள கலைமான்கள் குளிர்காலம் முழுக்கக் குளம்பால் பனியைக் கிளறி அடியில் இருக்கும் செடியைத் தின்று பிழைப்பவை. செடிமேல் பனிக்கட்டி மூடிக்கொண்டால் குளம்பு என்ன செய்யும்? பட்டினிச் சாவு. மழைநீர் உள்ளே போனதால் உறைமண்ணும் சூடாகிறது. மேலிருந்து பார்த்தால் வெள்ளை வெளேர் என்று வழக்கமான பனிப்பரப்புதான் தெரியும். அடியில் நாலு விரற்கடைப் பனிக்கட்டி இருப்பதை உறுதிசெய்ய, மண்வாரி ‘டங்’ என்று முட்டுகிற சத்தத்தைக் கேட்க ஆள் அங்கே இருக்க வேண்டும்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

1. கடல்பனித் தண்டு: உருளைத் துரப்பணத்தால் பனிக்கட்டியை நீளத் தண்டாக எடுப்பது. கடல்பனிக்குள் உப்புநீர் நுண்குழாய்களில் தேங்கியிருக்கும். வெளியே எடுத்ததும் அது ஒழுக ஆரம்பிக்கும். உடனே வெப்பநிலை எடுத்து, துண்டு துண்டாக அறுத்துத் தனித்தனி டப்பாவில் போட்டு உருகவைத்து உப்பைப் பார்க்க வேண்டும். அடிப்பகுதி பழுப்பு நிறமாக இருந்தால் அது அழுக்கல்ல, பனிக்கட்டிக்குள்ளேயே வளரும் பாசி. அங்குள்ள கடல் உணவுச் சங்கிலி தொடங்கும் இடங்களில் ஒன்று.

2. உறைமண்ணில் கம்பி: 1990-களிலிருந்து பல நாடுகளில் ஒரே முறை. 100 மீட்டருக்கு 100 மீட்டர் சதுரம், பத்து மீட்டருக்கு ஒரு புள்ளி, ஆக 121 புள்ளிகள். ஒவ்வொன்றிலும் இரும்புக் கம்பியைக் குத்தி, உறைந்த மண்ணில் முட்டும்வரை இறக்கி ஆழம் குறிப்பது. உலகிலேயே சலிப்பான அறிவியல் இதுவாகத்தான் இருக்கும். முட்டியது உறைமண்ணா கல்லா என்பது கைக்குத்தான் தெரியும், அந்தக் கை பழக நாளாகும்.

3. கூரையில்லாப் பெட்டி: ஒளிபுகும் பலகைகளைச் சாய்த்து நிறுத்திச் செடிகளைச் சுற்றி ஒரு வேலி. உள்ளே ஒன்று முதல் மூன்று டிகிரி கூடுதலாகச் சூடாகும். 1990-ல் தொடங்கிய சர்வதேசத் தூந்திரா சோதனை, இதே பெட்டியை ஆர்க்டிக் எங்கும் வைத்து, வருங்கால வெப்பத்தில் எந்தச் செடி முந்தும், எது பின்வாங்கும் என்று பார்த்துவருகிறது.

4. பனியாற்றுக் கழிகள்: கழியைப் பனியாற்றில் ஊன்றி, எவ்வளவு வெளியே தெரிகிறது என்று வருடாவருடம் அளப்பது. நி-ஓலசுண்டுக்குப் பக்கத்தில் உள்ள ஆஸ்ட்ரே ப்ரோகர்ப்ரீ பனியாற்றில் 1967-லிருந்து இந்தக் கணக்கு இருக்கிறது.

நெற்றி விளக்கே பிழையானபோது

லாங்யியர்பியனில் அக்டோபர் கடைசியிலிருந்து பிப்ரவரி நடு வரை சூரியன் எழுவதே இல்லை. இதைத்தான் துருவ இரவு என்கிறார்கள். அந்த மாதங்களில் கடல் உயிர்கள் கிட்டத்தட்டத் தூங்கிவிடும் என்றுதான் நெடுநாள் நினைத்திருந்தார்கள். போய்ப் பார்த்தால் கீழே சந்தைபோல நடமாட்டம்.

அப்புறம் இன்னொன்று தெரியவந்தது. ஆய்வுக் கப்பலின் வழக்கமான வேலை விளக்குகளே, 200 மீட்டர் ஆழம்வரை மீன்களையும் மிதவை உயிரிகளையும் இடம்மாற வைக்கின்றன. 2020-ல் வெளியான இந்த ஆய்வை முதலில் படித்தபோது, அப்படியானால் இதுவரை இருட்டில் எடுத்த கணக்குகளை என்ன செய்வது என்றுதான் தோன்றியது. விளக்கோடு போய் எண்ணிய மீன், விளக்கைப் பார்த்து ஓடிய பிறகு மிச்சமிருந்த மீன். அதனால் இப்போது துருவ இரவில் வேலை செய்பவர்கள் விளக்கை அணைத்தும், தேவையான இடத்தில் மங்கலான சிவப்பு விளக்கோடும் அளக்கப் பழக வேண்டியிருக்கிறது. அளக்கப் போகிறவரே அளவைக் கெடுக்கலாம் என்பதைப் புத்தகத்தில் ஒரு வரியில் சொல்லிவிடலாம். உறைய வைக்கும் இருட்டில் நெற்றி விளக்கை அணைக்கச் சொல்லும்போது அது வேறுவிதமாகப் புரியும்.

இப்போது என்ன சிக்கல்?

1. ரஷ்யா. ஆர்க்டிக் கடற்கரையில் ஏறக்குறைய பாதி அவர்களுடையது, உறைமண்ணில் பெரும்பங்கும் அங்கேதான். 2022 பிப்ரவரியில் உக்ரைன் போர் தொடங்கியபின் மேற்கு நாடுகளுடனான கூட்டு ஆய்வு பெரும்பாலும் நின்றுபோனது. சைபீரிய நிலையங்களை விட்டுவிட்டு மீதியை வைத்து மட்டும் கணக்குப் போட்டால் ஆர்க்டிக் முழுமைக்குமான சித்திரமே ஒருபக்கம் சாய்கிறது என்று 2024-ல் ஓர் ஆய்வு காட்டியது. சோவியத் நோட்டுகளை நினைத்துப் பாருங்கள். அந்தத் தொடர் அறுந்தால் பிறகு ஒட்ட முடியாது, விட்டுப்போன வருடத்தைத் திரும்பப் போய் அளக்க வழியில்லை.

2. காலநிலையே பாடத்திட்டத்தைக் கலைக்கிறது. 1971-லிருந்து 2017-க்குள் ஸ்வால்பார்ட் 3 முதல் 5 டிகிரிவரை சூடாகிவிட்டது. கடல்பனிப் பயிற்சிக்கு நம்பகமான பனி வேண்டும்; முன்பு வருடந்தோறும் உறைந்த ஃபியோர்டுகள் (மலைகளுக்கு நடுவே நிலத்துக்குள் நீளும் கடல் பகுதிகள்) பல இப்போது சில வருடங்களில் சரியாக உறைவதே இல்லை.

3. செலவு. விமானம், எரிபொருள், கப்பல் நேரம் எல்லாம் பணம், கூடவே கார்பன் புகை. காலநிலை படிக்க விமானத்தில் போவதா என்ற கேள்வியை மாணவர்களே கேட்கிறார்கள், நியாயமான கேள்விதான். ஒரு பயணத்தில் பல ஆய்வுகளைச் சேர்ப்பது, அங்கேயே இருக்கும் நிலையத்தாரிடம் மாதிரி எடுக்கச் சொல்வது என்று குறைக்கப் பார்க்கிறார்கள். முழுக்க நிறுத்த முடியும் என்று எனக்குத் தோன்றவில்லை.

இந்தியா எங்கே வருகிறது?

1920-ல் கையெழுத்தான ஸ்வால்பார்ட் ஒப்பந்தத்தில், பிரிட்டிஷ் ஆட்சிக் காலத்திலேயே, இந்தியாவும் உறுப்பு. அதன்படி தீவுகள் நார்வேயின் ஆட்சிக்கு உட்பட்டவை, ஆனால் ஒப்பந்த நாட்டவர்க்கு அங்கே சம வாய்ப்பு. 2007-ல் முதல் இந்தியப் பயணம், 2008 ஜூலையில் நி-ஓலசுண்டில் ஹிமாத்ரி நிலையம். 2014-ல் பக்கத்து காங்ஸ்ஃபியோர்டில் 192 மீட்டர் ஆழத்தில் இண்டார்க் என்ற கருவித் தொகுதியை இறக்கினார்கள், கடலின் வெப்பமும் உப்பும் வருடம் முழுக்கப் பதிவாக. கோவாவில் உள்ள தேசியத் துருவ மற்றும் பெருங்கடல் ஆராய்ச்சி மையம்தான் இதையெல்லாம் நடத்துகிறது. நம் பருவமழையோடு இதற்கு முடிச்சு உண்டா? ரஷ்யாவுக்கு வடக்கே உள்ள காரா கடலில் கோடைக் கடல்பனி குறைவதற்கும் செப்டம்பரில் இந்தியாவில் கொட்டும் அதிகனமழைக்கும் தொடர்பு இருக்கலாம் என்று 2021-ல் அந்த மைய ஆய்வாளர்கள் எழுதினார்கள். ‘இருக்கலாம்’ என்பதை அழுத்திப் படிக்கவும், செய்தித் தலைப்புகளில் அந்தச் சொல் காணாமல் போய்விடுகிறது.

2023 டிசம்பர்வரை நம்மவர்கள் பெரும்பாலும் கோடையில்தான் போய் வந்தார்கள். அந்த மாதம்தான் குளிர்காலத்துக்கென்று முதல் அணி, நான்கு பேர், கிளம்பினார்கள், சூரியனே இல்லாத நேரத்தில். யோசனை இருக்கும் மாணவர்களுக்கு ஒரு நடைமுறைக் குறிப்பு: ஸ்வால்பார்டுக்குள் நுழைய விசா தேவையில்லை, ஆனால் நார்வே வழியாகத்தான் போக வேண்டும், அதற்கு ஷெங்கன் விசா (பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான விசா) வேண்டும். தீவு ஷெங்கனுக்கு வெளியே இருப்பதால் திரும்பும்போது மறுபடி உள்ளே நுழைவதாகக் கணக்கு. ஒருமுறை நுழைவு விசா போதாது, விண்ணப்பத்திலேயே இருமுறை என்று கேட்டு வாங்குங்கள்.